சாய்வுப் பொத்தானும் கூப்பர் பிளாக் இட்டாலிக்கும்

கேள்வி இதுதான். சிறு நகரம் ஒன்றில் பேக்கரி தொடங்கவிருக்கும் ஒருவருக்கு, கடைப் பலகைக்கும் கேக் பெட்டிக்குமாகத் தடித்த, உருண்ட, சாய்ந்த ஆங்கில எழுத்தில் கடைப்பெயரை அமைத்துக் கொடுத்திருக்கிறார் அவருடைய டிடிபி வடிவமைப்பாளர். எழுத்துருவின் பெயர் கூப்பர் பிளாக் இட்டாலிக் (கூப்பர் பிளாக் எழுத்துருவின் சாய்ந்த வடிவம்) என்றும் சொல்லியிருக்கிறார். பலகையில் பார்க்க நன்றாக இருக்கும் அந்த எழுத்து, பெட்டியில் மட்டும் குழம்பித் தெரிவது ஏன், இதை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம், எங்கே தவிர்க்க வேண்டும் என்று கேட்கிறார்.

அவர் அனுப்பிய மாதிரித் தாளைப் பார்த்தவுடன் முதலில் சொல்ல வேண்டியதாகப் பட்டது வேறொன்று: அதில் இருப்பது கூப்பர் பிளாக் இட்டாலிக்கே அன்று. கூப்பர் பிளாக்கின் நேர் எழுத்தை எடுத்து, மென்பொருளில் சாய்வுப் பொத்தானை அழுத்திப் படுக்க வைத்திருக்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்க நிபுணராக இருக்கத் தேவையில்லை. ஆங்கிலச் சிறிய எழுத்து 'ஏ'வை மட்டும் பார்த்தால் போதும். அந்த எழுத்துக்கு அச்சில் இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்று, வயிற்றின் மேல் ஒரு வளைவு கூரைபோல் கவிந்து நிற்கும் புத்தக வடிவம். மற்றது, பள்ளியில் நாலுகோட்டு நோட்டில் நாம் எழுதிப் பழகிய, ஒரு வட்டமும் அதை ஒட்டி ஒரு கோடும் மட்டுமே கொண்ட கையெழுத்து வடிவம். கூப்பர் பிளாக்கின் நேர் எழுத்தில் கூரை வைத்த 'ஏ' இருக்கும். அதன் உண்மையான சாய்வெழுத்தில் கூரை இல்லாத 'ஏ' இருக்கும். மாதிரித் தாளில் இருந்த 'ஏ'க்களில் கூரை இருந்தது.

இதில் வடிவமைப்பாளரைக் குறை சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் தொகுப்போடு கணினிகளில் வந்து சேர்வது கூப்பர் பிளாக்கின் நேர் வடிவம் மட்டுமே. சாய்வெழுத்து வேண்டுமென்றால் அதைத் தனியாக வாங்க வேண்டும். ஆனால் சாய்வுப் பொத்தானோ எல்லா எழுத்துருவுக்கும் மேலே ஒரே மாதிரி நின்றுகொண்டிருக்கிறது; அழுத்தினால் எதையாவது சாய்த்துத்தான் காட்டுகிறது. சாய்வெழுத்துக் கோப்பு கணினியில் இல்லாதபோது, மென்பொருள் நேர் எழுத்தின் ஒவ்வொரு புள்ளியையும் அதன் உயரத்துக்கு ஏற்ப வலப்பக்கம் தள்ளுகிறது. சீட்டுக்கட்டை மேசைமேல் நிறுத்தி, மேல்சீட்டைக் கொஞ்சம் வலப்புறம் தள்ளினால் கட்டு முழுவதும் எப்படிச் சாயுமோ அப்படி.

அப்படித் தள்ளும்போது என்ன கெடுகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். செங்குத்துக் கோடுகளுக்கு வரும் சேதம் சிறியது: 12 பாகைச் சாய்வில் கோட்டின் தடிமன் சுமார் 2 விழுக்காடு குறையும், 20 பாகையில் சுமார் 6 விழுக்காடு. கண் அதைப் பொறுத்துக்கொள்ளும். வளைவுகளில்தான் கோளாறு தொடங்குகிறது. ஒரு வளையத்தைச் சாய்த்தால் அதன் மேல்வலப் பகுதியும் கீழ்இடப் பகுதியும் தடித்துப்போகும். மேல்இடமும் கீழ்வலமும் மெலிந்துபோகும். மெல்லிய எழுத்தில் இது அவ்வளவாகத் தெரியாது. கூப்பர் பிளாக்கைப் போல உடம்பெல்லாம் வளைவாக இருக்கும் தடித்த எழுத்தில், பிடித்துவைத்த கொழுக்கட்டையை யாரோ ஒரு பக்கமாக அமுக்கிவிட்டதுபோல் தெரியும். மேலும், கூப்பர் பிளாக்கின் நேர் வடிவத்தில் 'ஓ' எழுத்தின் உட்குழி நிமிர்ந்து நிற்பதில்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தவரைப் போல மேல்முனை இடப்பக்கம் சற்றுப் பின்சாய்ந்திருக்கும். அந்த எழுத்துருவின் முகக்களையே அதில்தான் இருக்கிறது. வலப்பக்கம் தள்ளினால் அந்தப் பின்சாய்வு நேராகிவிடுகிறது. வெளிக்கோடு சாய்ந்து, உட்குழி நிமிர்ந்து, இரண்டும் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் போகின்றன. பெட்டியில் "ஏதோ குழம்பித் தெரிகிறது" என்று அவர் சொன்னதில் பாதி இதுவாகத்தான் இருக்க வேண்டும். மீதிப் பாதிக்குப் பிறகு வருகிறேன்.

சாய்வெழுத்து என்பது தொடக்கத்திலிருந்தே நேர் எழுத்தின் சாய்ந்த நகலாக இருந்ததில்லை. வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனுஷியஸ் என்ற பதிப்பாளர், பிரான்செஸ்கோ கிரிஃபோ என்ற அச்செழுத்து வெட்டுநரைக் கொண்டு 1501-இல் வர்ஜிலின் கவிதைகளைச் சிறு வடிவப் புத்தகமாக அச்சிட்டபோது, இத்தாலிய அறிஞர்கள் விரைவாக எழுதப் பயன்படுத்திய கையெழுத்தை ஒட்டியே அந்த எழுத்து வெட்டப்பட்டது. பேனாவைத் தாளிலிருந்து அதிகம் எடுக்காமல் எழுதும் கையின் ஓட்டம் அதில் இருந்தது. சாய்வு அந்த ஓட்டத்தின் பின்விளைவு. ஆகவே சாய்க்காமல் நிமிர்த்தி வைத்தாலும் அது சாய்வெழுத்தின் குணத்தோடுதான் இருக்கும்; நேர் எழுத்தை எவ்வளவு சாய்த்தாலும் அந்தக் குணம் அதற்கு வராது.

இனி கூப்பருக்கு வருவோம். ஆஸ்வால்ட் புரூஸ் கூப்பர் 1879-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தவர். சிகாகோவில் ஃபிராங்க் ஹோம் நடத்திய ஓவியப் பள்ளியில் சேர்ந்து படித்தார். அங்கே எழுத்துக்கலை கற்பித்தவர் ஃபிரெடெரிக் கௌடி. அதே பள்ளியில் படித்த இன்னொருவர் டபிள்யூ. ஏ. ட்விகின்ஸ். அமெரிக்க எழுத்துக்கலையின் மூன்று பெரிய பெயர்கள் ஒரே வகுப்பறையை ஒட்டி இருந்திருக்கின்றன என்பது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும். 1904-இல் ஃபிரெட் பெர்ட்ஷ் என்பவரோடு சேர்ந்து கூப்பர் விளம்பர நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். விளம்பரங்களுக்குக் கையால் எழுத்து வரைவதுதான் அவருடைய அன்றாட வேலை. பேக்கார்ட் கார் நிறுவனத்தின் விளம்பரங்களுக்கு அவர் வரைந்த எழுத்து, 1913-இல் அச்செழுத்தாகவே வார்க்கப்பட்டு விற்பனைக்கு வந்தது. உலோக எழுத்துகளை வார்த்து விற்கும் வார்ப்பகத்துக்காக எழுத்து வரைந்து பழகியவர் அல்லர் அவர். தூரிகையும் மையும் வைத்துக்கொண்டு, நாளைக் காலைப் பத்திரிகைக்கு இன்று மாலைக்குள் தலைப்பு வரைந்து தர வேண்டிய தொழிலில் இருந்தவர். கூப்பர் பிளாக்கில் ஒரு நேர்க்கோடுகூட முழு நேராக இல்லாமல் இருப்பதற்கு அந்தக் கைப்பழக்கமே காரணம் என்பது என் எண்ணம்.

சிகாகோவின் பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் என்ற எழுத்து வார்ப்பகம் 1922-இல் கூப்பர் பிளாக்கை வெளியிட்டது. அந்த வார்ப்பகத்தின் எந்த எழுத்தும் அதற்கு முன் அவ்வளவு விற்றதில்லை. "தொலைநோக்குள்ள அச்சகத்தாருக்கும், கிட்டப்பார்வை உள்ள அவர்களுடைய வாடிக்கையாளருக்கும்" ஏற்ற எழுத்து என்று கூப்பரே அதைப் பற்றி வேடிக்கையாகச் சொன்னார். பழைமையான அச்சகத்தார் சிலர் அதைக் "கறுப்புத் தொல்லை" என்று திட்டினார்கள். விற்கும் சரக்கைப் பார்த்துப் போட்டி நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை: லான்ஸ்டன் மோனோடைப் நிறுவனத்துக்காக 1925-இல் கௌடியே 'கௌடி ஹெவிஃபேஸ்' என்று ஒன்றை வரைந்து கொடுத்தார். மாணவரின் எழுத்துக்கு ஆசிரியர் போட்டி வரைந்த கதை அது. 1920-களின் நடுவில் கூப்பர் பிளாக்குக்கு இட்டாலிக் துணையும் வந்து சேர்ந்தது. அது தனியாக வரையப்பட்டது. நேர் வடிவத்தைச் சாய்த்துச் செய்யப்பட்டதன்று. உலோக எழுத்துக் காலத்தில் சாய்வுப் பொத்தான் என்று ஒன்று இல்லாததால், ஒவ்வொரு எழுத்தையும் தனியே வரைந்து, ஒவ்வொரு அளவுக்கும் அச்சு வெட்டி, ஈயம் ஊற்றித்தான் ஆக வேண்டியிருந்தது. வேறு வழியில்லாமல் செய்த அந்த வேலைதான் நல்ல வேலையாகவும் முடிந்தது.

ஓரங்கள் உருண்டிருப்பதற்கும் ஒரு தொழில் நியாயம் உண்டு. கூர்மையான மூலைகள் கொண்ட உலோக எழுத்து, ஆயிரக்கணக்கான அழுத்தங்களுக்குப் பிறகு மூலை மழுங்கும். தாளில் மை பரவும்போதும் மூலை உருண்டு தெரியும். அப்போது எழுத்து தேய்ந்துபோனதாகத் தோன்றும். கூப்பர் பிளாக் பிறக்கும்போதே மழுங்கிய மூலைகளோடு பிறந்தது. செரிஃப் எனப்படும் பாதங்கள் குட்டையாக, தண்டோடு கரைந்து, கீழ்விளிம்பும் வளைந்து இருக்கும். தேய்ந்தாலும், மை பரவினாலும், மலிவுத் தாளில் ஓட்டினாலும் அது அதுவாகவே தெரியும். இதே காரணம் இன்றைக்கு வேறு இடங்களில் உதவுகிறது. வினைல் ஸ்டிக்கரில் கூரான மூலைதான் முதலில் உரிந்து கிளம்பும். உருண்ட ஓரம் கிளம்புவது குறைவு. பனியனில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்யும்போது மெல்லிய கோடுகள் துணியின் இழைக்குள் காணாமல் போகும். இதில் மெல்லிய கோடே இல்லை. எம்பிராய்டரி எந்திரத்துக்கும் இப்படித் திரண்ட வடிவம் பிடிக்கும். கேக்கின் மேல் கிரீமை நிரப்பிய கூம்பால் எழுதினால் எழுத்து தானாகவே ஏறத்தாழ இந்த வடிவத்துக்குத்தான் வரும் என்பதால், பேக்கரிக்கு இந்த எழுத்தைத் தேர்ந்தெடுத்தது தவறில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

1930-களில் செரிஃப் இல்லாத வடிவியல் எழுத்துகளின் அலை வந்தபோது கூப்பர் பிளாக் ஓரங்கட்டப்பட்டது. 1960-களில் ஒளி அச்சுக்கோப்பும், தேய்த்து ஒட்டும் லெட்ராசெட் தாள்களும் வந்த பிறகு அது மறுபடி எழுந்தது. பீச் பாய்ஸ் குழுவின் 1966-ஆம் ஆண்டு இசைத்தட்டு உறையில் பெரிதாக இருப்பது கூப்பர் பிளாக்தான். 1970-களில் பனியன் கடைகளில் இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி ஒட்டும் வெல்வெட் எழுத்துகளாக அது அமெரிக்கா முழுவதும் பரவியது. 1995-இல் தொடங்கிய ஈஸிஜெட் விமான நிறுவனம் ஆரஞ்சு நிறத்தில் அதையே தன் முகமாக்கிக்கொண்டது. மலிவுக் கட்டண விமானம் என்பதால் "எங்களிடம் பயப்பட ஒன்றுமில்லை, உள்ளே வாருங்கள்" என்று சொல்லும் எழுத்து அவர்களுக்குத் தேவைப்பட்டது போலும். இவையெல்லாம் நேர் வடிவத்தின் பயன்கள். சாய்வு வடிவம் எப்போதும் கொஞ்சம் பின்னால்தான் நின்றிருக்கிறது. அதனாலேயே அதற்கு இன்னும் புதுமை மிச்சம் இருக்கிறது.

நேர் வடிவத்துக்கும் சாய்வு வடிவத்துக்கும் குணத்தில் என்ன வேறுபாடு என்று கேட்டால், நேர் வடிவம் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பெரியவர். சாய்வு வடிவம் தட்டைத் தூக்கிக்கொண்டு மேசைகளுக்கு நடுவே போகிறவர். எடை இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் ஒன்று நிற்கிறது, மற்றது நகர்கிறது. அதனால் அசைவையும் உற்சாகத்தையும் உடனடித் தன்மையையும் சொல்ல வேண்டிய இடங்களில் சாய்வு வடிவம் தன் வேலையைச் செய்யும்: "இன்று மட்டும்", "சூடாக", "புதியது" போன்ற ஓரிரு சொல் அறிவிப்புகள், ஐஸ்கிரீம் வண்டியின் பக்கவாட்டு, டெலிவரி வேன், விளையாட்டுக் குழுவின் சட்டை, சிறுவர் பொருட்களின் பொதி, பழைய காலத்து மணம் வேண்டும் என்று நினைக்கும் காபிக் கடை. வேனில் எழுதும்போது ஒரு நுட்பம் உண்டு. எழுத்து வலப்புறம் சாய்வதால், வண்டியின் வலப்பக்கத்தில் எழுதினால் அது போகும் திசையிலேயே சாய்ந்து வேகத்தைக் காட்டும். இடப்பக்கத்தில் எழுதினால் வண்டி முன்னே போக, எழுத்து பின்னே இழுப்பதுபோல் இருக்கும். இதற்காக யாரும் எழுத்தை எதிர்ப்பக்கம் சாய்க்க முடியாது. இடப்பக்கத்துக்கு நேர் வடிவத்தைப் பயன்படுத்தி, சாய்வை வலப்பக்கத்துக்கும் பின்கதவுக்கும் வைத்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை.

பொருந்தாத இடங்களைப் பட்டியலிடத் தேவையில்லை. படிப்பவர் கவலையோடு இருக்கும் இடம், அல்லது ஒரு பத்திக்கு மேல் படிக்க வேண்டிய இடம் என்றால் வேண்டாம். மருந்துச் சீட்டு, ஒப்பந்தம், எச்சரிக்கைப் பலகை ஆகியவற்றில் இந்த எழுத்து சிரித்துக்கொண்டே துக்கம் விசாரிப்பதுபோல் இருக்கும். கேக் பெட்டியிலும்கூட, பின்பக்கத்தில் உள்ள சேர்மானப் பட்டியல், தயாரித்த நாள், உரிம எண் ஆகியவற்றுக்கு வேறொரு எளிய எழுத்து வேண்டும்.

இப்போது அந்த மீதிப் பாதி. பெட்டியில் குழம்பித் தெரிவதற்கு இன்னொரு காரணம், எழுத்தின் கண் அடைத்துப்போவது. 'ஏ', 'ஈ', 'ஜி', 'எஸ்' போன்ற எழுத்துகளின் உள்ளே உள்ள வெற்றிடம்தான் அந்த எழுத்தை நமக்கு அடையாளம் காட்டுகிறது. சாதாரண எழுத்தில் அந்த வெற்றிடம் தாராளமாக இருக்கும். கூப்பர் பிளாக்கில் அது அரிசிமணி அளவுக்குத்தான் இருக்கும். சிறிய 'ஈ'யின் மேல்குழியை எடுத்துக்கொள்ளுங்கள். கடைப் பலகையில் அது உள்ளங்கை அகலம் இருக்கும். அதே எழுத்தைப் பெட்டியில் 14 பாயிண்டுக்குக் குறைத்தால், அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கீற்றாகிவிடும். அட்டையில் மை கொஞ்சம் பரவினால் போதும், கண் மூடிக்கொள்ளும். பல ஆண்டுகளுக்கு முன் இனிப்புக் கடை ஒன்றுக்காகப் பழுப்பு நிறக் கொரகேட்டட் அட்டையில் நான் இதே தவற்றைச் செய்தேன். அந்த வகை அட்டையில் ரப்பர் போன்ற மெத்தென்ற பிளேட்டால் அச்சிடும் ஃபிளெக்சோ முறை (ஃபிளெக்ஸ் பேனர் வேறு, இது வேறு) மையை இன்னும் அதிகமாகப் பரப்பும் என்று அச்சகத்தில் முன்கூட்டியே எச்சரித்தார்கள். திரையில் அழகாக இருந்ததை நம்பி நான் கேட்கவில்லை. இரண்டாயிரம் பெட்டிகளிலும் 'ஈ' எழுத்துகள் எல்லாம் கறுப்புப் பொட்டுகளாக வந்து சேர்ந்தன. கடைக்காரர் பெட்டிகளைத் திருப்பி அனுப்பவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் "அந்தப் பொட்டு எழுத்து" என்று சொல்லிக் காட்டுவார்.

அந்தப் பாடத்திலிருந்து நான் வைத்திருக்கும் அளவு இது: நல்ல ஆர்ட் அட்டையில் ஆஃப்செட் அச்சுக்கு 18 பாயிண்டுக்குக் கீழே போவதில்லை, பழுப்பு அட்டைக்கும் துணிக்கும் 30-க்குக் கீழே போவதில்லை. அடர்நிறப் பின்னணியில் வெள்ளையாக எழுத்தை விட்டு அச்சிடும் முறையில் நிலைமை தலைகீழாகும். அங்கே மை வெளியிலிருந்து எழுத்துக்குள் பரவும். எழுத்து சற்று மெலியும். மெல்லிய எழுத்துகள் அதில் செத்துப்போகும். உடம்பில் சதை உள்ள இந்த எழுத்துக்கு அது பெரிய நட்டமில்லை. ஆகவே சிறிய அளவில் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால், வெள்ளைத் தரையில் கறுப்பு எழுத்தைவிட அடர்நிறத் தரையில் வெள்ளை எழுத்து பாதுகாப்பானது. ஆனால் அங்கும் உட்குழிகள், நாலாபுறமும் வெள்ளை சூழ்ந்த சிறு மைத்தீவுகளாக நிற்கும். அவை விடுபடாமல் விழுகின்றனவா என்று முதல் தாளிலேயே பார்த்துவிட வேண்டும்.

எழுத்துகளுக்கு இடையே விடும் வெளியில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். உள்ளே வெற்றிடம் குறைவான எழுத்துக்கு வெளியேயும் வெற்றிடம் குறைவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சொல் உதிர்ந்து தனித்தனி எழுத்துகளாகச் சிதறும். கூப்பர் பிளாக் இட்டாலிக்கை நெருக்கிக் கோப்பதே வழக்கம். எழுத்துகள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும், தோளோடு தோள் உரசி நிற்க வேண்டும். பெரிய எழுத்துகளை மட்டும் வைத்து முழுச் சொல்லையும் எழுதுவது இதில் எடுபடாது. சாய்வெழுத்தின் ஓட்டம் சிறிய எழுத்துகளில்தான் இருக்கிறது. பெரிய எழுத்துகள் வரிசையாக நின்றால், சாய்ந்த சுவரைப் போல இருக்கும். முதல் எழுத்து மட்டும் பெரிதாக, மற்றவை சிறிதாக வைத்தால் போதும். வரிகளுக்கு இடையிலும் தாராளம் தேவையில்லை. கீழே இறங்கும் வால்கள் குட்டையாக இருப்பதால், 40 பாயிண்ட் எழுத்தை 40 பாயிண்ட் வரியிடைவெளியிலேயே இடிபடாமல் அடுக்கலாம்.

நெருக்கும்போது எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால், வினைல் வெட்டுவதற்கு அனுப்பும் முன் கோரல்டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளில் அவற்றை 'வெல்ட்' செய்து ஒரே உருவாக்கிவிட வேண்டும். மறந்தால், வெட்டும் எந்திரம் ஏறிய இடத்திலும் கத்தியை ஓட்டி எழுத்துக்கு நடுவே கீறல் போட்டுவிடும். எழுத்தைச் சுற்றி வேறு நிறத்தில் கரை போடுபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். மென்பொருள் கரையை எழுத்தின் விளிம்புக்கு இருபுறமும் பாதிப் பாதியாகப் பரப்பும். உள்ளே வரும் பாதி எழுத்தின் உடலை மெலிய வைக்கும்; வெளியே போகும் பாதி, ஏற்கெனவே அரிசிமணியாக இருக்கும் கண்ணுக்குள்ளும் புகுந்து அதை மூடிவிடும். கரை அமைப்புப் பெட்டியில், நிரப்பு நிறத்துக்குப் பின்னால் கரையை வைக்கும் தெரிவு இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்து, கரையின் தடிமனை இரட்டிப்பாக்கினால் வெளியே அதே அளவு கரை தெரியும். எழுத்தின் உடல் அப்படியே முழுதாக இருக்கும். ஆனால் கண்ணுக்குள் கரை முன்னைவிட அதிகமாகவே புகும் என்பதால், அது அடைத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

விலைப் பலகைகளில் எல்லோரும் சறுக்கும் இடம் ரூபாய்க் குறி. தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார் வடிவமைத்த அந்தக் குறியை இந்திய அரசு 2010 ஜூலையில் ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டில்தான் யூனிகோடிலும் அது இடம்பிடித்தது. அதற்கு முன் செய்யப்பட்ட எழுத்துருக் கோப்புகளில் அந்தக் குறி இருக்க வாய்ப்பில்லை. கூப்பர் பிளாக்கின் பழைய கோப்புகள் பல இடங்களில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. குறியை அடித்தால் மென்பொருள் வேறு ஏதோ ஒரு எழுத்துருவிலிருந்து ஒல்லியாக ஒன்றைக் கொண்டுவந்து வைக்கும். குண்டு எழுத்துகளுக்கு நடுவே அது குச்சிபோல் நிற்கும். பெரிய எழுத்து 'ஆர்'ஐ எடுத்து அதன்மேல் கோடு கிழித்துச் சமாளிப்பவர்களும் உண்டு; ரூபாய்க் குறியில் 'ஆர்'இன் செங்குத்துத் தண்டு கிடையாது என்பதால் அது பார்த்தவுடன் தெரிந்துவிடும். எளிய வழி, விலையைத் தமிழில் 'ரூ.' என்று போட்டு, எண்ணை மட்டும் இந்த எழுத்தில் அமைப்பது.

தமிழ் என்றவுடன் அடுத்த கேள்வி வருகிறது: பலகையில் கடைப்பெயர் தமிழிலும் இருக்குமே, அதையும் சாய்த்துவிடலாமா? வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தமிழ் அச்செழுத்து மரபில் சாய்வெழுத்து என்று ஒரு தனி வடிவம் வளரவில்லை. அழுத்தம் கொடுக்கத் தடித்த எழுத்தையே பயன்படுத்தி வந்திருக்கிறோம். பொத்தானை அழுத்திச் சாய்த்தால் 'ட', 'ப' போன்ற செங்கோண எழுத்துகள் விழப்போகும் பெட்டிகளைப் போலாகும். 'கி', 'கீ' ஆகியவற்றின் மேல்விசிறி அடுத்த எழுத்தின் தலையில் போய் இடிக்கும். அதற்குப் பதிலாகத் தமிழை நிமிர்ந்தே நிற்கவிட்டு, தடிமனிலும் உருட்சியிலும் ஆங்கிலத்தோடு ஒத்துப்போகும் எழுத்துருவைத் தேடலாம். கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கும் 'பாலூ தம்பி' அந்த வேலைக்கு ஏறத்தாழ அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கும். 'காய்னி' என்ற இன்னொன்றும் உருண்டு திரண்ட தமிழ் எழுத்துகளைக் கொண்டது. சாய்ந்த தமிழே வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு, இலங்கையைச் சேர்ந்த தாரிக் அசீஸ் கையெழுத்துப் பாணியில் சாய்வாகவே வரைந்த 'கவிவாணர்' (Kavivanar) இருக்கிறது. ஆனால் அது மெல்லிய எழுத்து. கூப்பர் பிளாக்கின் பக்கத்தில் வைத்தால் தாங்காது. அளவிலும் சற்றுக் கவனம் தேவை. ஒரே பாயிண்டில் இரண்டையும் அமைத்தால் தமிழ் பெரிதாகவோ சிறிதாகவோ தெரியும். பாயிண்டை மறந்துவிட்டு, தமிழ் 'ப'வின் உயரத்தை ஆங்கிலச் சிறிய எழுத்தின் உடல் உயரத்தைவிடச் சற்றுக் கூடுதலாக வைத்துக் கண்ணால் சரிபார்ப்பதே என் வழக்கம்.

கடைசியாக, எங்கே வாங்குவது என்பது. பிட்ஸ்ட்ரீம், யுஆர்டபிள்யூ போன்ற நிறுவனங்கள் உருவாக்கிய, கூப்பர் பிளாக்கின் உண்மையான சாய்வெழுத்து தனிக் கோப்பாக விற்பனைக்குக் கிடைக்கிறது. வடிவம் நூறாண்டு பழையது, ஆகவே எவரும் எங்கிருந்தும் எடுத்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வது சரியன்று. நாம் பயன்படுத்துவது ஒரு நிறுவனம் உருவாக்கிய மென்பொருள் கோப்பு, அதற்கு உரிமம் உண்டு. அச்சுக்கு வாங்கிய உரிமம் இணையதளத்துக்குச் செல்லுபடியாகாமல் இருக்கலாம் என்பதால், வாங்கும்போதே இரண்டையும் சொல்லிக் கேட்க வேண்டும். செலவு செய்ய முடியாது என்றால், 'ஃப்ரான்சஸ்' என்ற திறந்த உரிம எழுத்துருவைப் பார்க்கலாம். கூப்பர், வின்ட்சர் முதலிய பழைய உருண்ட எழுத்துகளைப் பார்த்து உருவான அதில், எடையை, அதாவது எழுத்தின் தடிமனை, 900 என்ற எண் வரை கூட்டலாம்; ஓரங்களின் மென்மையைத் தனியாகக் கூட்டிக் குறைக்க ஓர் அமைப்பும் இருக்கிறது. முக்கியமாக, அதற்கெனத் தனியே வரையப்பட்ட சாய்வெழுத்து உண்டு. கூப்பர் பிளாக்கின் குண்டுத்தனம் அதில் முழுதாக வராது. ஆனால் சாய்வுப் பொத்தானால் படுக்க வைத்ததைவிட எவ்வளவோ மேல்.

பேக்கரிக்காரர் செய்ய வேண்டியது இவ்வளவுதான். உண்மையான சாய்வெழுத்துக் கோப்பில் கடைப்பெயரை மறுபடி அமைக்கச் சொல்லுங்கள். பெட்டியின் மேல்மூடியில் அந்தப் பெயரை மட்டும் வையுங்கள், முகவரியும் தொலைபேசி எண்ணும் வேறொரு எளிய எழுத்தில் கீழே இருக்கட்டும். ஆர்டர் கொடுப்பதற்கு முன், பெட்டிக்குப் பயன்படுத்தப்போகும் அதே அட்டையில், அதே அளவில் ஒரு மாதிரி அச்சடித்து வாங்கி, கடையின் மாலைநேர வெளிச்சத்தில் கை நீட்டும் தூரத்தில் வைத்து, சிறிய 'ஈ'யின் கண் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். திறந்திருந்தால் ஓட்டச் சொல்லலாம். மூடியிருந்தால் இரண்டு பாயிண்ட் கூட்டி, மறுபடி ஒரு மாதிரி கேளுங்கள்.